தண்ணி ஊத்துறது யாரு

வெங்காயச் சருகு வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது என்று சொன்னால் டவுன்காரர்கள் சிரிக்கிறார்கள். வாழைப்பழத் தோல் என்றால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது. எங்கள் வீடு குன்னம் பக்கத்தில். வீட்டைச் சுற்றிச் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தான். வெங்காயத்தைப் பிடுங்கிக் காற்றாடப் பட்டறை என்கிற ஓலைத் தட்டிக் கூட்டில் அடுக்கி வைக்கிற சமயத்தில் வாசலெல்லாம் சருகு பறக்கும். அன்று காலை சிமென்ட் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பினேன். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த சருகின் மேல் கால் வைத்தேன், அவ்வளவுதான். விழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், சருகைக் கூட்டாமல் விட்ட என் வீட்டுக்காரரைத் திட்டியது. எழுந்திருக்க முடியவில்லை என்பது திட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு மேல் நான் யாரையும் திட்டவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் தொண்டைக்குப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆய்வுக்கு வந்த அதிகாரிகளும் பயந்ததுண்டு. வீட்டிலும் அதே தொண்டைதான். மழை பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவேன். பெய்தால், காயப்போட்டதை எடுக்காத மனுஷரைத் திட்டுவேன். என் வீட்டுக்காரர் அதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடுகிறவர்கள் உண்டு. இவர் வாங்குகிற வேலையே வைத்துக்கொள்ள மாட்டார்.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இடுப்பில் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதற்குள் தொடை எலும்பின் பந்து உருளுகிறதாம். அந்தப் பந்தை எடுத்துவிட்டு வேறு பந்து வைத்தார்கள். டாக்டர் சின்ன வயசு. "பந்து மாத்தியாச்சும்மா. இனிமே ஜம்முனு நடக்கலாம்" என்றார். அதே மூச்சில், தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும், இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை இருக்க வேண்டும் என்றார். இதெல்லாம் போக மிச்சமிருப்பதில் எதை ஜம்மென்று செய்வது என்று பழைய நானாக இருந்தால் கேட்டிருப்பேன். கேட்கத் தோன்றவில்லை. சரி டாக்டர் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஒரே மகள் எங்களுக்கு. அரியலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நான் விழுந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய் வீடுதான், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. பிள்ளை பிறந்து தொப்புள்கொடி விழுந்ததும் தண்ணீர் ஊற்ற ஆரம்பிப்போம். குளிப்பாட்டுவதைத்தான் அப்படிச் சொல்லுவோம். பெண்ணைப் பெற்றவள் தரையோடு தரையாக ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து நீட்டி, பிள்ளையைக் கால் மேல் குப்புறப் போட்டு, இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் மகளுக்கு என் அம்மா ஊற்றினார். என் தம்பி பிள்ளைகளுக்கு நான் ஊற்றினேன். தெருவில் கைக்குப் பழக்கமில்லாத பெண்கள் என்னைக் கூப்பிட்டதும் உண்டு. அழுகிற பிள்ளை என் காலில் போட்டதும் அடங்கிவிடும் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதனால் என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் சாத்துக்குடியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துவிட்டு, கடைசியில் அதைத்தான் கேட்டார்கள்.

"அது சரி, புள்ளைக்குத் தண்ணி ஊத்துறது யாரு?"

"நாந்தான்" என்று சொல்லுவேன்.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் அது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. முதல் சில நாட்கள் வலித்தது. தொடைக்குள் யாரோ உலக்கை வைத்திருப்பது போல் இருந்தது. மாத்திரை போட்டதும் உலக்கை அப்படியே இருக்கும், ஆனால் அது வேறு யாருடைய தொடையிலோ இருப்பது மாதிரி ஆகிவிடும். தூக்கமும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து ஒருக்களித்துப் படுத்தவள் மல்லாந்து கிடந்தால் தூக்கம் எப்படி வரும்? கண் மூடியிருக்கும், விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். விடிந்த பிறகுதான் கொஞ்சம் கண் அசரும். அந்த நேரம் பார்த்து யாராவது வருவார்கள். தோளைத் தொட்டு எழுப்பி, "தூங்குறீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். உட்கார்ந்து, ஆட்டுக்கால் சூப் குடி, பிரண்டைத் துவையல் சாப்பிடு, இங்கிலீஷ் மருந்து சூடு, உடம்பை மரத்துப்போக வைத்துவிடும் என்பார்கள். வேறு சமயமாக இருந்தால் அவரவர் வீட்டுக் கதையை எடுத்து விட்டு விரட்டியிருப்பேன். அப்போது தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

வெட்டுத் தையலைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உணர்வில்லாமல் போயிருந்தது. கிள்ளினாலும் தெரியாது. நாளானால் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த உள்ளங்கை அகலம் மெல்ல மெல்லப் பரவி உள்ளே போய்விட்டது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. பட்டறையில் வெங்காயம் கொஞ்சம் அழுகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்படியா என்றேன். பக்கத்து வீட்டு ஆடு என் முருங்கையைக் கடித்துவிட்டது. சரி என்றேன். கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. தட்டில் வைத்த சோறு மாதிரி எல்லாம் எதிரில் இருந்தது, பசிதான் இல்லை.

வளைகாப்பு ஒன்பதாம் மாதம் அரியலூரில், சம்பந்தி வீட்டில் நடந்தது. கலவைச் சாதம் கட்டிக்கொண்டு போவது பெண் வீட்டு வேலை. காரில் தாழ உட்காரக் கூடாது என்பதால் நான் போகவில்லை. தம்பி மனைவி புளிசாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று எல்லாம் செய்து எடுத்துப் போனாள். போனில் காட்டினார்கள். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். எல்லோரும் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அழ வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. என் அம்மா என் வளைகாப்பில் அழுதார், நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. புளிசாதத்தில் கடலை குறைவாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

அதற்கு முன்பே ஒரு நாள் சம்பந்தியம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். நல்ல மனுஷி. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. கட்டிலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்திம்மா, நீங்க மொதல்ல நல்லாவுங்க. பிரசவத்த நாங்க எங்கூட்டுலயே பாத்துக்குறோம். யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றார்.

"அதெல்லாம் வேணாங்க. எம்பொண்ணு எங்கூட்டுக்குத்தான் வரணும்" என்றேன்.

"இல்ல, தண்ணி ஊத்தறதுக்கு…"

"நான் ஊத்துவேங்க."

ஆசையில் சொன்னேன் என்று இல்லை. அப்போது என்னிடம் ஆசை என்று ஒன்று இருந்ததா என்றே தெரியாது. வீம்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மயக்க மருந்து கொடுத்தவர்கள் வீம்புக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

வளைகாப்பு முடிந்த கையோடு மகளைக் கூட்டிவந்தார்கள். அவள் வந்து இறங்கியபோது வளையல் சத்தம் வாசலிலேயே கேட்டது. நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் கண் கலங்கினாள். "வாம்மா" என்றேன். "சாப்புட்டியா?" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது மாதிரிதான் கேட்டேன். வந்து சில நாளைக்கு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டை வேண்டுமென்றே கட்டில் மேலேயே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். 

"அம்மா, தட்டு இங்கயே கெடக்கு."

"பாத்தேன். பெறவு எடுத்துக்கலாம்."

"ஒரு வார்த்த திட்டேன்ம்மா."

"எதுக்கு?"

"சும்மா. திட்டு."

நான் யோசித்துப் பார்த்தேன். வயிறும் புள்ளையுமாக இருக்கிறவள் எச்சில் தட்டைப் படுக்கையில் வைக்கலாமா என்று தொடங்கி, அவள் அப்பா வம்சம் வரைக்கும் போகலாம். சொல்லெல்லாம் தெரிந்தது. அதை வெளியே தள்ளுகிற ஒன்று இல்லை. "போம்மா, போய்ப் படு" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் பயம் வந்திருக்க வேண்டும். பிறக்கப்போகிற பிள்ளையைப் பார்த்தும் எனக்கு இப்படியே இருந்தால் என்ன செய்வது? மரக்கட்டைக் காலில் யார் பிள்ளையைப் போடுவார்கள்?

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். மாத்திரைதான் காரணம். வலியைத் தின்கிற மாத்திரை பக்கத்திலிருந்த மற்றதையும் சேர்த்துத் தின்கிறது. வந்தவர்கள் எல்லாம் சொன்னார்களே, இங்கிலீஷ் மருந்து உடம்பை மரத்துப்போக வைக்கும் என்று. ஊருக்கே அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான், ஆட்டுக்கால் சூப் பேச்சை நம்பினேன். வீட்டுக்காரர் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுத் திரும்பியதும், மாத்திரையை விரலிடுக்கில் ஒளித்து, காலுக்கு நடுவில் இருந்த தலையணையின் உறைக்குள் தள்ளிவிடுவேன். என் வகுப்பில் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது பிள்ளைகள் செய்கிற அதே வேலை. எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

உலக்கை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை அது என் தொடையில்தான் இருந்தது, சந்தேகமே இல்லை. இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று. பகலும் இரவும் ஒன்றாகிக் கண்ணுக்குள் மண் போட்ட மாதிரி ஆனது. காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. நடையிலிருந்து சமையலறை வரை போய்க்கொண்டிருந்தவள் கட்டிலை விட்டு இறங்கவே யோசித்தேன். வலி திரும்பினால் மற்றதும் திரும்பும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போது வலியும் இருந்தது, மரத்தும் இருந்தது. இதற்கு அதுவே தேவலை.

எனக்குப் பயிற்சி கொடுக்க லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வருவாள். பிசியோதெரபி படித்தவள், அப்பா துபாயில் கடை வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே காலைத் திருகுவாள். அன்று என் காலைத் தொட்டதுமே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, போன வாரம் நல்லாத் தூக்குனீங்களே. மாத்திர போடுறீங்களா?"

"போடுறேம்மா."

"ஒழுங்காத் தூங்குறீங்களா?"

"தூங்குறேன்."

அந்த நேரத்தில் என் மகள், உறை அழுக்காக இருக்கிறதே துவைக்கலாம் என்று தலையணையை எடுத்து உதறினாள். மாத்திரைகள் தரையில் தெறித்து உருண்டன. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மகள் குனிய முடியாத வயிற்றோடு குனியப் போனாள். அந்தப் பெண் அவளைத் தடுத்துவிட்டுத் தானே பொறுக்கினாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்றாள்.

"மாத்திரயால மனசு மரத்துப் போச்சும்மா. ஒண்ணுமே தோண மாட்டேங்குது" என்றேன். அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சில பேருக்கு ஆபரேசனுக்குப் பெறவு அப்படி இருக்கும்மா. டாக்டர்ட்ட சொல்லணும், ஒளிச்சு வைக்கக் கூடாது. மாத்திர வலிய மறைக்கிறதுக்கு இல்ல, உங்கள நடக்க வைக்கிறதுக்கு. வலி இருந்தா நடக்க மாட்டீங்க. நடக்கலன்னா தூக்கம் வராது. தூக்கம் இல்லன்னா மனசு எங்கேருந்து வரும்? வலி வந்த பெறவு தொரத்துறதவிட வராமப் பாத்துக்கணும். நேரத்துக்குப் போடுங்க. இன்ஷா அல்லா எல்லாம் வரும்."

"தண்ணி ஊத்தலாமா? கீழ ஒக்காந்து?"

"அது மட்டும் கூடவே கூடாதும்மா. பந்து நழுவிடும்."

டாக்டரிடம் சொன்னோம். ஒரு மாத்திரையை மாற்றினார். சாப்பிட்டவுடனே போட வேண்டியது, பயிற்சிக்கு முன்னால் போட வேண்டியது என்று பிரித்துக் கொடுத்தார். பகலில் கட்டிலில் கிடக்காதீர்கள், வந்தவர்களை நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள் என்றார். இனி வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம், தலையணை மட்டும் நடுவில் இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வரம் போதும் எனக்கு. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வீட்டுக்காரர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மத்தியானத்தில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

பேத்தி பிறந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூக்கு மாப்பிள்ளை மூக்கு, காது எங்கள் காது. விரல் பத்தும் இருந்தது. "நல்லா இருக்கா" என்றேன். உள்ளே தட்டிப் பார்த்தேன், யாரும் கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கை வலிக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். கை வலிக்கவில்லை.

கொடி விழுந்தது. முதல் தண்ணீர் ஊற்றுகிற அன்று சம்பந்தியம்மா அரியலூரிலிருந்து வசம்பு வளையலும் சாம்பிராணியும் வாங்கிக்கொண்டு வந்தார். பின்கட்டில் மணைப்பலகையைப் போட்டு, வெந்நீர் விளாவி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். வெயில் ஏறி, காற்று நின்றிருந்தது. நான் வாக்கரோடு வந்து பலகையைப் பார்த்தேன். முன்பெல்லாம் அது ஒரு சாண் உயரம். அன்று கிணறு மாதிரி ஆழத்தில் கிடந்தது.

"நான் ஊத்தட்டுங்களா சம்பந்திம்மா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"வேணாங்க. எங்கூட்டுல நாந்தான் ஊத்தணும்" என்றேன். எல்லாரும் ஏதோ சொன்னார்கள். மகள், "அம்மா வேணாம்மா" என்றாள். நான் ஒரு கையால் வாக்கரையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. இடுப்பில் என்னவோ ஒன்று இடித்து, என்னை நிறுத்தியது. வலிகூட இல்லை. பூட்டிய கதவில் முட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கீழேயும் போக முடியாமல் மேலேயும் வர முடியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்.  சம்பந்தியம்மா தரையைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டினார். போய் அந்தப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து நீட்டினார்.

"கொண்டாங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பளையும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெற்ற மகளையே கழுத்து நின்ற பிறகுதான் தூக்கியவர் அவர். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவர் காலில் குப்புறப் போட்டாள். பிள்ளை வீறிட்டது. அவர் சொம்பில் தண்ணீர் மோந்து தன் முழங்கையில் விட்டுப் பார்த்துக்கொண்டு, முதுகில் ஊற்றினார். கரடுமுரடான கை. வெங்காயம் பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன கை. அந்தக் கையால் தடவினார். பிள்ளை இரண்டு தடவை விம்மியது. அடங்கிவிட்டது.

அப்போதுதான் அது வந்தது. பாசம் என்று நினைத்தால் தப்பு. பொறாமை. அந்தக் காலைப் பார்த்தேன். பித்தவெடிப்பும் கருப்புமாக ஒல்லியான கால், தரையில் எந்தத் தடையும் இல்லாமல் நேராக நீண்டு கிடக்கிறது, அதன் மேல் என் பேத்தி கிடக்கிறாள், அழுகையை நிறுத்தியும்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அது என் கால் இருக்க வேண்டிய இடம். என் காலில் போட்டதும் அடங்க வேண்டிய பிள்ளை. ஒரு நாள்கூட இந்த வேலையைச் செய்யாத மனுஷர் நோகாமல் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போகிறார். அடிவயிற்றிலிருந்து ஏறி நெஞ்சுக்கு வந்தது, அங்கிருந்து தொண்டைக்கு வந்தது.

"காதுல தண்ணி போவுது பாருங்க! கைய அண கொடுத்து ஊத்த மாட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் கையை அணை கொடுத்தார்.

"அப்படித் தேய்க்கிறீங்களே, அது என்ன கன்னுக்குட்டியா? தோலு உரிஞ்சு வந்துரப் போவுது! மாட்டக் குளிப்பாட்டுன கையில மனுசப் புள்ளயக் கொடுத்தா இப்படித்தான்! கழுத்து மடிப்புல ஊத்துங்க. அங்க இல்ல, மடிப்புல! கண்ணு எங்க இருக்கு ஒங்களுக்கு? சருகக் கூட்டுங்கன்னாலும் தெரியாது, புள்ளைக்கு ஊத்துங்கன்னாலும் தெரியாது, என்னத்தத்தான் தெரியும் இந்த மனுசனுக்கு!"

பக்கத்து வீட்டில் யாரோ வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். என் மகள் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றவள், அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். "அம்மா திட்டுது அத்தே" என்று மாமியாரிடம் சொன்னாள். ஏதோ பரீட்சையில் தேறியதைச் சொல்வது மாதிரி சொன்னாள். அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. பிள்ளையின் கழுத்து மடிப்பை ஒரு விரலால் விலக்கி, நான் சொன்ன இடத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார்.

"இன்னும் நாலு வார்த்த திட்டு" என்றார். "கேட்டு ரொம்ப நாளாச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.